லா ஷப்பெலுக்கு ஒரு வெற்றுக் கட்டம்

அந்த ஆண்டறிக்கையில் சிரிலுக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று இருந்தது: ‘லா ஷப்பெலில் காற்று தேறி வருகிறது.’ எழுதியவர் அவரேதான். பாண்டிச்சேரியிலிருந்து சின்ன வயதில் பிரெஞ்சுத் தலைநகருக்கு வந்து, அரசு வேலையில் தலை நரைத்தவர். நீரும் நிலமும் காற்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று நகரசபை உறுப்பினர்களுக்காக வருடந்தோறும் எண்பது பக்கம் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக அவர்தான் பொறுப்பு. அந்த எண்பது பக்கத்தில் நல்ல செய்தி அபூர்வம். 2013 மார்ச்சில் ஒன்று கிடைத்தது. லா ஷப்பெலின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் வண்டிப்புகையின் அளவு ஒரே ஆண்டில் ஐம்பத்தெட்டிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

அச்சுக்குப் போக ஐந்து நாள் இருக்கும்போது கோசலை அவர் மேசை முன் வந்து நின்றாள். அளவீடுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. யாழ்ப்பாணத்துக்காரி, புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்து தினமும் ரயிலேறி வருபவள். தேவையில்லாமல் வாய் திறக்கமாட்டாள்.

“அண்ணை, லா ஷப்பெல் இலக்கத்தை நான் நம்பேல்லை.”

“ஏன்? ஆய்வுக்கூடம், லபோலேர்ந்து வந்ததுதானே?”

“லபோவிலை பிழை இல்லை. சராசரியை விடுங்கோ, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வந்த அளவுகளைப் பாருங்கோ. ஜூன் நடுவிலை திடீரெண்டு விழுந்து, நவம்பரிலை திடீரெண்டு ஏறியிருக்கு.”

“கோடையில வண்டி கம்மியா ஓடியிருக்கும்.”

“அப்ப மற்றத் தெருவளிலையும் விழுந்திருக்க வேணுமே? விழேல்லை.”

சிரிலுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை அவளோடு போனார்.

விளக்குக் கம்பத்தில், காற்றை அளக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் விரல் நீளக் குழாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. “பார்த்தீங்களா?” என்றார் சிரில். கோசலை கம்பத்தை ஒட்டியிருந்த புடவைக்கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம், போன வருடம் இந்தத் தெருவில் ஏதாவது வேலை நடந்ததா என்று கேட்டாள்.

“அதை மறப்பனோ தங்கச்சி! கட்டிடத்துக்குப் பூச்சுப் பூசிறம் எண்டு இரும்புச் சாரம் கட்டி, என்ரை பெயர்ப்பலகையை அஞ்சு மாசம் மறைச்சுப்போட்டாங்கள். இஞ்சை பாருங்கோ.”

கைபேசியில் பிள்ளையார் தேர் நாளன்று எடுத்த படம். தேருக்குப் பின்னால் சாரமும் அதைப் போர்த்திய வலையும் விளக்குக் கம்பத்தை விழுங்கியிருந்தன.

“அப்ப அதிலை இருந்த குழாய்?”

“அதோ? மாத்த வாற ஆள் உள்முற்றத்திலை கொளுவிப்போட்டுப் போனவர். சைக்கிள் விடுற இடத்துக்கு மேலை.”

ஐந்து மாதம் அந்தக் குழாய் வண்டியே நுழையாத முற்றத்தின் காற்றை அளந்திருக்கிறது. இடம் மாற்றியவர் தாளில் ஒரு வரி எழுதவில்லை.

வெளியே வந்ததும் சிரில் சொன்னார்: “கீழே சின்ன எழுத்துல ஒரு நோட் போட்டுடலாம் கோசலை.”

“சின்ன எழுத்தை ஆர் அண்ணை வாசிக்கிறது? காத்துத் திருந்தியிட்டுது எண்டு நம்பி, சபை லொறியளைக் கட்டுப்படுத்திற திட்டத்தைக் கைவிட்டால்?”

எஞ்சினை அணைக்காமல் நின்ற லாரிக்கும் மரக்கறிப் பெட்டிகளுக்கும் நடுவே, தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் வழி தேடிக்கொண்டிருந்தாள். சிரில் அதைப் பார்த்தபடி நின்றார். திங்கட்கிழமை அந்த வரியை அவரே அழித்தார். கை வரவில்லை, ஆனாலும் அழித்தார். அட்டவணையில் லா ஷப்பெலின் கட்டம் வெறுமையாக அச்சுக்குப் போனது. எதிர்ப்பக்கம் முழுவதையும், நடந்ததை விளக்கி எழுதக் கோசலைக்குக் கொடுத்தார்.

ஏப்ரலில் உறுப்பினர்கள் கூடியபோது முதல் கேள்வியே அதைப்பற்றித்தான். “ஆக, காற்று நன்றாகியிருக்கிறதா இல்லையா?” என்று ஒருவர் அதட்டினார். சிரில் வாயெடுப்பதற்குள் கோசலை எழுந்துவிட்டாள். யாழ்ப்பாணத்து ஓசை கலந்த பிரெஞ்சு, ஆனால் தடுமாற்றமே இல்லை.

“தெரியாது. தெரிந்ததுபோலச் சொன்னால் நீங்கள் பிழையாக முடிவெடுப்பீர்கள். ஆனால் ஒன்று தெரியும். அந்த முற்றத்தில் அளவு முப்பத்துநாலு. இருபது அடி தள்ளி, தெருவில் அதற்கு முன்னும் பின்னும் ஐம்பத்தெட்டு. அதே கட்டிடம்; அந்த மாதங்களில் மற்றத் தெருக்களில் அளவு குறையவும் இல்லை. நடுவில் இருப்பது வண்டிகள் மட்டும்தான்.”

சிரில் வெட்கப்பட்டு மறைக்க நினைத்த தவறிலிருந்து, எந்த அறிக்கையிலும் அவர் எழுதியிராத தெளிவான செய்தியை அவள் எடுத்து வைத்துவிட்டாள். தலைமை வகித்த அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். பிறகு தெருவுக்கும் முற்றத்துக்கும் தனித்தனியே குழாய் வைக்கச் சொன்னார். லாரித் திட்டம் கைவிடப்படவில்லை. இலையுதிர்காலத்துக்குள், காலை ஒன்பதுக்கு முன் மட்டும் சரக்கு இறக்கலாம் என்று தெருவில் பலகை நட்டார்கள்.

அடுத்த ஆண்டறிக்கையில் காற்றுப் பகுதியின் தலைப்புக்குக் கீழே சிரில் அவள் பெயரைப் போட்டார். அதுவரை யார் பெயரும் போடும் வழக்கம் இல்லை. அச்சுப்படியைப் பார்த்துக் கோசலை முகம் சுளித்தாள்.

“என்னத்துக்கு அண்ணை உதெல்லாம்?”

“சந்தேகம் வந்தா யாரைக் கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியணுமில்ல?” என்றார் சிரில்.