காசம்மாளின் இரண்டு படங்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தை மறைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

பழைய புத்தகக் கடையில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கைக்கு வந்தது. மனித மனத்தின் உணர்ச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியாம். ஒரே பக்கத்தில் ஒரு பெண்ணின் இரண்டு படங்கள். ஒன்றின் கீழே 'மகிழ்ச்சி', மற்றதன் கீழே 'துயரம்'. அப்புறம், 'கூலிக்காரப் பெண், பாகூர்'. ஆராய்ந்தவர் பெயர் அட்டையில் பொன் எழுத்தில் இருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

(கடை, புத்தகம், படம் எல்லாம் நான் கற்பனையில் கட்டியவை. கோபம் மட்டும் கட்டியதல்ல.)

அவளுக்கு நானே பெயர் வைத்தேன்: காசம்மாள். அந்தத் துரையின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த ஒரு கதையிலாவது அவர் பெயரில்லாமல் கிடக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: 'ஐப்பசி மழையில் பாகூர் ஏரி தளும்பிக்கொண்டிருந்த ஒரு...'

வேண்டாம். ஏரிக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: 'கையில் பிரம்போடு வந்திறங்கிய துரை...'

அதுவும் சரியில்லை. பிரம்பு இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். மனுஷர் தங்கமானவர். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டார், பிள்ளைகளுக்குப் பிஸ்கத்து கொடுத்தார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது நிற்கிறது.

காசம்மாள் அன்று நடவுக்குப் போகவில்லை. உள்ளதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டினாள், தலை நிறையக் கனகாம்பரம் வைத்தாள். அவள் புருஷன் செல்லக்கண்ணு காவல் வேலைக்கென்று சைகோனுக்குக் கப்பலேறியிருந்தான். அவனுக்கு அவள் படத்தை அனுப்பிவைப்பதாகத் துரை சொல்லியிருந்தார். அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னவர், துபாசியாகக் கூட வந்த வில்லியனூர் சுப்புராயன்.

புளியமரத்தடியில் படப்பெட்டி நின்றது. தான் இளைத்துப்போனது அவனுக்குத் தெரியக்கூடாதென்று காசம்மாள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்து, அதற்குள் அவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். துரைக்கு முதல் படம் கிடைத்தது.

அப்போது சுப்புராயன் சொன்னார்: "சைகோன்லேர்ந்து தந்தி வந்துகீதும்மா. உன் வூட்டுக்காரரு செத்துப்பூட்டாரு."

இந்த இடத்தில் காசம்மாள் எப்படி விழுந்தாள், எப்படி அழுதாள் என்று மூன்று பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். நன்றாக வர வேண்டும் என்றுதான் துரையும் பெட்டியைக் கிட்டே நகர்த்தினார்.

3

(அடிக்குறிப்பில் போக வேண்டியது. ஆனால் இது தெரியாமல் கதை நகராது.)

ஒருவர் தலையில் காக்கை அடித்தால் அவர் உயிருக்கு ஆகாது என்பார்கள். அதற்குக் கழிப்பு உண்டு. அவர் செத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குப் பொய்ச் சேதி சொல்லியனுப்புவார்கள். அவர்கள் நிஜமென்று நம்பி வாய்விட்டு அழ வேண்டும். அழுது முடித்ததும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அந்த அழுகையோடு கண்டம் கழிந்துவிடும்.

இதைத் துரைக்குச் சொல்லிக் கொடுத்தவரே சுப்புராயன்தான். துரைக்கு ஒரே சந்தோஷம். இவர்களே இவர்களுக்குச் செய்துகொள்கிறார்கள், நாம் செய்தால் என்ன கெட்டுவிடும் என்றாராம்.

என்ன கெட்டுவிடுமா? அங்கே பொய் சொல்கிறவன் சொந்தக்காரன். ஓர் உயிர் பிழைக்கட்டும் என்று சொல்கிறான். அழுகிறவளும் பிறகு அதைத்தான் நினைத்து மனம் ஆறுகிறாள். இங்கே எந்த உயிர் பிழைத்தது? ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம் நிறைந்தது. அவள் அழுகையை எடுத்துக்கொள்ளலாமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டால் அழமாட்டாளே என்பது அவர்களுடைய நியாயம். திருடனும் அதனால்தான் கேட்பதில்லை.

4

படம் எடுத்து முடிந்ததும் துரை தலையசைத்தார். சுப்புராயன் குனிந்து, அதெல்லாம் பொய், உன் புருஷன் நன்றாக இருக்கிறான் என்றார்.

காசம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். பிய்த்தெறிந்த பூ மடியில் கிடந்தது. அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே காரணத்தைக் கேட்டாள்.

"அவருக்குக் காக்கா பட்டுச்சா?"

சுப்புராயனை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு வரைவில் அவர் வெட்கப்பட்டு உண்மையைச் சொன்னார். நம்ப முடியவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சொன்னது இதுதான்: "ஆமாம்மா. அதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துரையைக் கும்பிட்டாள். வாங்கிக்கொண்ட பிஸ்கத்து டப்பாவோடு வீட்டுக்குப் போகும்போதே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள், அவருக்கு வந்த கண்டத்தைத் தானே அழுது கழித்துவிட்டதாக.

5

அடுத்த அறுப்பில் சாமிக்கண்ணு வந்தான். செல்லக்கண்ணுவோடு கப்பலேறிப் போன கிருமாம்பாக்கத்துக்காரன். அங்கே காய்ச்சலில் செத்துப்போன செல்லக்கண்ணுவைத் தன் கையாலேயே மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தான். வாசலில் நின்று, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்.

காசம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு குறையும் வைக்காமல் ஒப்பாரி சொன்னாள். தெருவே கூடிவிட்டது.

பிறகு சட்டென்று நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே போய்க் கூழ் கரைத்துக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"போதுமா அண்ணே? மறுக்காவும் காக்காதானே? என் படம் அவருக்கு வந்து சேந்துச்சா, இன்னா சொன்னாரு?"

6

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் சாமிக்கண்ணு அவள் கையைப் பிடித்து, அம்மன் மேல் சத்தியம் செய்து, அவளை நம்பவைக்கிறான். மற்றதில் ஒன்றும் பேசாமல் கூழைக் குடித்துவிட்டுப் போகிறான், அவள் சாகும்வரை பூவும் பொட்டுமாய்க் காத்திருக்...

இல்லை. இரண்டையும் எழுதமாட்டேன். முதலாவதை எழுதினால் அவள் இன்னொரு முறை அழ வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், நீங்கள் 'அடடா' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டும். இரண்டாவதை எழுதினால் அந்தப் பொய்க்கு நானும் துணைபோனவன் ஆவேன். சொல்லவேண்டியவர் துரை. அவர் புத்தகம் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாமிக்கண்ணு இன்னும் கூழைத் தொடவில்லை. காசம்மாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை படித்துவிட்டீர்கள், செல்லக்கண்ணு இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அவளிடம் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?