எட்டை விழுங்கிய மூட்டை

1

“நீ எத்தனை கிலோ?”

மாஸ்டர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பேரைக் கேட்கவில்லை. குத்துச்சண்டைக் கூடத்தில் அக்கா தோளில் தூக்கிப் பழகும் மணல் மூட்டை அன்று காலைதான் கிழிந்து கொட்டியிருந்தது. அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பெரிய கதைகளெல்லாம் எங்கெங்கோ பிறக்குமாம். இது எடை மெஷினில் பிறந்தது. நாற்பத்து நாலு காட்டியது.

“கச்சிதமா இருக்கு. அக்கா தோள்ல ஏறு பாப்பா.”

அன்றிலிருந்து அவள் பேர் மூட்டை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது வாய் திறக்காமல் நின்றவள், மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே போகாதவள். அவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்குமா? மூட்டையை யாரும் வாசிக்கச் சொல்வதில்லை.

(இதற்கு முன் எழுதிய தொடக்கம்: “விடியலின் பொன்னொளியில் வீராங்கனை ஒருத்தி—” அடித்தாயிற்று. கூடத்துக்கு ஜன்னலே கிடையாது.)

2

வாசகருக்குக் கொஞ்சம் பாடம். குத்து கையிலிருந்து கிளம்புவதாக நினைத்திருப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அது குதிகாலில் கிளம்பி, தொடை வழியாக ஏறி, இடுப்பில் திரும்பித் தோளுக்கு வருகிறது. கை வெறும் தபால்காரன். அதனால்தான் அக்கா இடுப்பைச் சுழற்றிக் கனத்த பந்தைச் சுவரில் எறிகிறாள். அதனால்தான் தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறாள். சுற்றுக்குப் பத்து, நாளைக்கு ஐந்து சுற்று. எண்ணுவது மூட்டையின் பொறுப்பு. எண்ணிக்கை குறிக்கத்தான் அவள் கையிலிருக்கும் நோட்டு என்று கூடமே நம்புகிறது. அக்காவின் தலைதான் மேசை.*

* ஆகவே இந்தக் கதையின் எழுத்துகள் வரிக்கு வரி ஏறி இறங்குகின்றன. அக்காவின் வகிட்டில் மைக்கறை வேறு. அச்சில் தெரியாது, நம்புங்கள்.

3

“மூணு வாரத்துல தேர்வுப் போட்டி,” என்றார் மாஸ்டர். “ஜெயிச்சா வெளியூர் முகாம். ஒரு வருஷம்.”

“மூட்டையையும் கூட்டிட்டுப் போலாமா மாஸ்டர்?” என்று கேட்டாள் அக்கா.

“அங்க இரும்பு இருக்கும்மா. இரும்பு சோறு கேக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மூட்டை அழவில்லை; மூட்டைகளுக்கு அந்த வழக்கம் கிடையாது.

மாஸ்டரைக் கெட்டவராக்கிவிடலாம் என்று நோட்டில் இரண்டு பக்கம் முயன்றாள். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. இந்தக் கதையில் கெட்டவள் வேறொருத்தி. அவள் அக்காவின் தோள்மேல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் “ஏழு” என்றாள். அடுத்து “ஒன்பது” என்றாள்.

ஒரே ஒரு எட்டு. சுற்றுக்கு ஒன்று, நாளைக்கு ஐந்து. ஞாயிறு விடுமுறை போக, மூன்று வாரத்தில் தொண்ணூறு. போட்டியின் கடைசிச் சுற்றில் கால் தளர்வதற்கு அது போதும் என்று கணக்குப் போட்டாள். ஏன் செய்தாள் என்றால் [இங்கே நல்ல காரணம் ஒன்று வைக்கவேண்டும்] அக்கா போய்விட்டால் இவளைத் தூக்க ஆளில்லை. அவ்வளவுதான். நல்ல காரணம் கிடைக்கவில்லை.

4

முடிவுகள், உங்கள் வசதிக்கு:

அ. அக்கா தோற்கிறாள். மூட்டை மறுபடி தோளில்.

ஆ. அக்கா ஜெயிக்கிறாள். மூட்டை எழுத்தாளர் ஆகிறாள். (சிரிக்காதீர்கள்.)

இ. எதிராளிக்கு வயிற்றுப்போக்கு. (இருப்பதிலேயே நம்பும்படியானது.)

ஈ எழுத உட்கார்ந்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா புலம்ப ஆரம்பித்தாள்.

“உன் அக்கா குளிக்கப் போனா திரும்ப மாட்டேங்கிறாடி. மூணு வாரமா இதே கூத்து. கதவிடுக்குல பாத்தா, ரெண்டு பக்கெட் தண்ணிய தூக்கிட்டு உக்காந்து எந்திரிக்கிறா. எண்ணுறா பாரு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு, எட்டு. அஞ்சு தடவையும் எட்டு. நீதான் பள்ளிக்கூடத்த விட்ட, அவளாவது ஒழுங்காப் படிச்சானு நெனச்சேன்.”

இரண்டு பக்கெட் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மூட்டை. ஈ எழுதப்படவில்லை.

5

போட்டி நாள் காலை. இன்று எதையும் தூக்கக்கூடாது என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“ஏறுடி,” என்றாள் அக்கா.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். மூட்டை எண்ணினாள். “ஆறு.” “ஏழு.”

அக்கா மறுபடி தாழ்ந்தாள். எழவில்லை. தொடை நடுங்கியது. அப்படியே காத்திருந்தாள். மூட்டைக்கு ஒன்பதாம் வகுப்பு ஞாபகம் வந்தது. எல்லோரும் இப்படித்தான் காத்திருந்தார்கள்.

“எட்டு.”

கடைசி பெஞ்சுக்கும் கேட்டிருக்கும். அக்கா எழுந்தாள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நிற்கவில்லை. அவளைக் கட்டிலில் இறக்கினாள்.

“அக்கா, நான் வேணும்னேதான்—”

(இந்த வாக்கியத்தை எழுதுகிறவளால் முடிக்க முடியவில்லை. முடிந்தால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். யார் ஜெயித்தது என்பதும் உங்கள் பாடு. அ, ஆ, இ மேலே இருக்கின்றன.)

அக்கா கையுறைகளைப் பையில் திணித்தாள். கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரினாள். வகிட்டு மைக்கறையை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அதைத் துடைக்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.