அரைத் தட்டுச் சோறு

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் ஒச்சப்பனைப் போல மரத்துக்கு நோகாமல் பட்டை சீவ ஆள் இல்லை என்பார்கள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு நாலு வயது. பதினெட்டு வயதில் பால்வெட்டும் கத்தியைப் பிடித்தவர். நாற்பத்தெட்டில் சீனி வருத்தம் எனும் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை.

நோயை அவருடைய மனைவி சொர்ணம்மாதான் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். வீட்டில் வெல்லமும் சீனியும் நின்றுபோயின. வாழைக்காய் வறுவல் போய் முருங்கைக் கீரை வந்தது. அவருக்கு மட்டும் தனியாக ஆக்கினால் மனசு கஷ்டப்படும் என்று தானும் அதையே சாப்பிட்டாள். மாலையில் கப்பல்துறை வரை நடந்துவிட்டு வரச் சொன்னாள், நடந்தார். விடியுமுன் நாலு மணிக்கு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் வேலைக்குக் கிளம்பும்போது, மாத்திரையை அவளே உரித்துக் கையில் வைப்பாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடின்னு நர்ஸ் சொன்னாங்க. இந்தாங்க."

சாப்பாட்டுக்கு முன்னால்தான். ஆனால் அவருடைய சாப்பாடு, பாலெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பத்து மணிக்கு.

முதல் மாதத்திலேயே அது நடந்தது. இருநூறாவது மரத்தருகே அவருக்குக் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே விழுந்தார். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து தன் பிளாஸ்கிலிருந்த இனிப்புத் தேநீரை வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து எழுந்தார்.

"யாருகிட்டயும் சொல்லிராத. சூப்பர்வைசர் காதுக்குப் போனா என்னைப் புல்லு வெட்டுற கூட்டத்துல போட்டுருவாரு" என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டிலும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீர் குடித்து, பாதை திரும்பியதும் துப்பிவிட்டார். மயக்கம் திரும்ப வரவில்லை. மாத்திரைதான் எமன் என்று முடிவு கட்டிவிட்டார்.

அப்படி மூன்று வருடம்.

மாதாமாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பார்கள். "தவாய் ரோஜ் லேத்தே ஹோ?" என்று நர்ஸ் இந்தியில் கேட்பார். தினமும் சாப்பிடுவதாகத் தலையாட்டுவார் ஒச்சப்பன். இருநூற்று எண்பதாக இருந்த சீனி முந்நூற்றுப் பத்தாயிற்று. இரண்டு முறை மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். சொர்ணம்மா தன் சமையலில்தான் கோளாறு என்று நினைத்தாள். மூன்று கரண்டிச் சோறு இரண்டாகி, இரண்டு ஒன்றரையாகியது. அவர் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். கன்னம் ஒட்டி, இடுப்புப் பட்டையில் புதிய துளை போட வேண்டிவந்தபோது, சோற்றைக் குறைத்ததால்தான் மெலிகிறார், இனிச் சீனியும் இறங்கிவிடும் என்று அவள் ஆறுதல் பட்டுக்கொண்டாள்.

ஒருநாள் பூட்ஸைக் கழுவப் போனவளுக்கு உள்ளேயிருந்து கெட்ட வாடை அடித்தது. அவருடைய வலது பாதத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலுக்கு அடியில் ஒரு துண்டு சிப்பி குத்தி நின்றது. சுற்றிலும் கறுத்திருந்தது.

"வலிக்கலையாங்க?"

"தெரியவே இல்லயே, சொர்ணம்."

கப்பல் கிடைத்து போர்ட் பிளேர் போய்ச் சேர நாலு நாளாயிற்று. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் சிப்பிகாட் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் புஷ்பா, அப்பாவின் கட்டிலைப் பார்க்க முடியாமல் வராந்தாவிலேயே நின்று அழுதாள்.

பத்தாம் நாள், வார்டில் இருந்த தமிழ் நர்ஸ் விஜயலட்சுமி சீட்டைப் பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பது. நல்லா இறங்கிருச்சும்மா" என்றாள்.

சொர்ணம்மாவுக்கு அது புரியவில்லை. "சிஸ்டர், இங்க வயிறு நெறைய சோறு குடுக்குறீங்க. நான் அரைத் தட்டுதான் போட்டேன். அப்ப எறங்காதது இப்ப எப்படி எறங்குது?"

"ஊசியும் மாத்திரையும் வேலை செய்யுதும்மா. வீட்டுல மாத்திரை ஒழுங்கா எடுத்தாரா?"

"என் கையாலதான் குடுத்தேன்."

ஒச்சப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"முழுங்கலை. முத மாசம் மரத்தடியில சக்கர் வந்து, தலை சுத்தி விழுந்துட்டேன். அதுலேருந்து தெனமும் துப்பிருவேன்."

நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டு ஆறு மணி நேரம் வேலை செஞ்சா சீனி ரொம்ப இறங்கித்தான் போகும். அன்னிக்கே சொல்லியிருந்தா, பத்து மணிச் சாப்பாட்டோட மாத்தித் தந்திருப்பாங்களே அண்ணே" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சொர்ணம்மா எழுந்து வெளியே போனாள். வராந்தாக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். புஷ்பா வந்து தோளைத் தொட்டதும் உடைந்துபோனாள். "மூணு வருசம் அந்த மனுசனைப் பட்டினி போட்டேன்டி. பசியோட எந்திரிச்சுப் போனாரு. ஒரு வார்த்தை சொல்லலையே."

கட்சாலுக்குத் திரும்ப ஒச்சப்பன் சம்மதிக்கவில்லை. மற்றவர்கள் கத்தியோடு போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்றார். சிப்பிகாட்டில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். இப்போது சாப்பிடும் நேரமும் மாத்திரை நேரமும் பொருந்தியிருந்தன. சொர்ணம்மாவே ஊசி போடக் கற்றுக்கொண்டாள். ஊன்றுகோல் பிடித்து முற்றத்தில் பத்து தரம் நடப்பார். ஆனால் அவள் அவரிடம் அதிகம் பேசுவதில்லை.

ஒரு மதியம் அவரே கேட்டார். "இன்னும் கோவமா?"

"ஒரு கரண்டி சோறு கூட வேணும்னாவது கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ போட்டிருப்ப. அப்புறம் சீனி ஏறுச்சுன்னா உன்னாலதான்னு அழுவ. தப்பு பூரா என்கிட்ட இருக்குறப்ப எந்த வாயால கேக்குறது?"

அவள் அவருடைய இடது பாதத்தை மடியில் எடுத்து வைத்து, விரலிடுக்கெல்லாம் துடைத்தாள். தினமும் செய்வதுதான். அன்று மட்டும் வெகுநேரம் துடைத்தாள்.

அந்த ஆனி மாதம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த மூன்று வருடத்திலேயே இதயமும் கெட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கடல் கொந்தளிப்பில் கப்பல் ஓடவில்லை. கட்சாலிலிருந்து அவர் தம்பி வந்து சேரும்போது ஒரு வாரம் கழிந்திருந்தது.

"சீனி ஏறிப் போச்சா அண்ணி?" என்று கேட்டுவிட்டு அவர் அழுதார்.

"இல்லப்பா. கடைசியா பாத்தப்ப நூத்தி முப்பது" என்றாள் சொர்ணம்மா. மாத்திரையைத் துப்பிய விஷயத்தை அவரிடமோ துக்கத்துக்கு வந்த வேறு யாரிடமோ அவள் சொல்லவில்லை. புஷ்பாவையும் சொல்லவிடவில்லை.