முப்பத்து நான்கு அங்குலத்துக்குள்

அக்கா வாங்கி வந்த அன்று, இரண்டு குதிரைகளும் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தன. ஒன்றுக்குக் கடுகு என்றும் இன்னொன்றுக்குத் துளி என்றும் பேர் வைத்தாள். அதற்குமேல் சின்னதாகப் பேர் வைக்க மொழியில் இடமில்லை. விற்றவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். "மூணு வயசுல முப்பத்திரண்டு இன்ச்சோட நின்னுடும்மா. அதுக்கு மேல ஒரு நூல் ஏறினாலும் என்னை வந்து கேளுங்க." நான்காம் வருடம் கேட்கலாம் என்று அக்கா போன் செய்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை.

குதிரைகளைப் பார்த்துக்கொண்டது அக்காவின் தம்பி. ஆறடி இரண்டங்குலம் இருந்ததால் வீட்டிலும் தெருவிலும் நெட்டை என்றே பேர். கல்லூரியை முடித்துவிட்டு வேலை தேடுகிறான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை அவனைத் தேடி வரவில்லை. அவனும் அதைப் போய்த் தொந்தரவு செய்யவில்லை. லாயத்தில் வைக்கோல் பிரிப்பது, தண்ணீர் ரொப்புவது, பிறந்தநாள் வீடுகளுக்குக் குதிரைகளைக் கூட்டிப்போய்க் கழுத்தில் ரிப்பன் கட்டி நிறுத்துவது என்று அவன் பொழுது மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பிடரி மயிரின் கடைசி முடி எங்கே முடிகிறதோ, அங்கே தரையிலிருந்து முப்பத்து நான்கு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இருந்தால் குட்டைக் குதிரைச் சங்கம் சான்றிதழ் தரும், குழந்தைகளைக் குஷிப்படுத்தப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கதவைத் திறக்கும். ஒரு நூல் தாண்டினால் அது குட்டைக் குதிரை இல்லை, ஒழுங்காக வளராத சாதாரணக் குதிரை. அதை யாரும் கொஞ்ச மாட்டார்கள்.

நான்காம் வருடம் கடுகு முப்பத்து நாலரை. துளி அதைவிடக் கால் அங்குலம் கூட.

"ஏதாவது பண்ணுடா" என்றாள் அக்கா.

"வளர்றதை எப்படிக்கா நிறுத்துறது? நீ எனக்கே பால் குடிக்காதே குடிக்காதேன்னு சொல்லிப் பார்த்தியே, நின்னேனா?"

"அதான் சொல்றேன். உன்னை மாதிரி ஆகிடாமப் பாரு."

வளர்வதை நிறுத்த முடியாது. ஆனால் அளவுகோலுக்குத் தெரியாமல் வளரச் சொல்லித்தரலாம் என்று நெட்டை யோசித்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, பிடரி முடியும் இடத்தில் உள்ளங்கையை வைத்து பலமாகவும் இல்லாமல் மெத்தனமாகவும் இல்லாமல் ஒரு அழுத்து அழுத்துவான். "அடங்கு" என்பான். கால்களை லேசாக அகட்டி, முதுகைக் குழித்து, குதிரை கொஞ்சம் இறங்கியதும் ஒரு துண்டு கேரட். பத்து நாளில் அரை அங்குலம். ஒரு மாதத்தில் கடுகு முக்கால், துளி ஒன்று. சங்கத்திலிருந்து அளவெடுக்க வந்தவர் கோலை வைத்ததும், இரண்டும் பரீட்சைக்கு நன்றாகப் படித்த பிள்ளைகள் மாதிரி அடங்கி நின்றன. முப்பத்து மூன்றே முக்கால். கையெழுத்தாயிற்று.

மிருகங்களைப் பழக்குகிறவர்கள் எப்போதும் இரண்டு வார்த்தை சொல்லித்தருவார்கள். ஆரம்பிக்க ஒன்று, முடிக்க ஒன்று. நெட்டை முதலாவதைச் சொல்லித்தந்தான். 'போதும்' என்பதைச் சொல்லித்தர வேண்டிய அன்று சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அந்த நாளை வரவே இல்லை.

அடுத்த வருடம் முழுக்க, அவன் எப்போது லாயத்துக்குள் நுழைந்தாலும் இரண்டும் அடங்கித்தான் நின்றன. கோலும் இல்லை, கையும் இல்லை, வார்த்தையும் இல்லை. என்ன மரியாதை என்று முதலில் பெருமைப்பட்டான். பிறகு வைக்கோல் கணக்கு உதைத்தது. வாரத்துக்கு நாலு கட்டு போதுமாக இருந்தது, பதினொன்று ஆயிற்று. தண்ணீர்த் தொட்டி அவன் திரும்பி வருவதற்குள் காலி. சாணம் அள்ளக் கூடை பத்தாமல் தள்ளுவண்டி வந்தது. அள்ளுகிறவனுக்குத் தெரியும், அந்த அளவு அந்த வயிற்றிலிருந்து வர நியாயமில்லை என்று.

ஒருநாள் மழை விட்ட பிறகு முற்றத்துச் சேற்றில் ஒரு குளம்படி தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். விளிம்பு இன்னும் சரியவில்லை, தண்ணீர்கூட ஊறவில்லை. அதன் நடுவில் கடுகு, டீ கிளாஸ் அகலமுள்ள தன் குளம்பை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் நெட்டை ஏணி போட்டு ஏறினான். லாயத்தின் நடு உத்தரம் தரையிலிருந்து பன்னிரண்டு அடி. அதன் ஓரத்தைப் பார்த்தபோது, யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கடித்த மாதிரி மரம் சிலும்பியிருந்தது. உத்தரத்தின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பெயிண்டை அடித்து, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனான். அரை மணி நேரத்தில் திரும்பினான். கடுகின் முதுகில், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை, உத்தரத்தின் அதே அகலத்தில் வெள்ளைப் பட்டை. துளியின் முதுகிலும்.

அக்காவைக் கூட்டிவந்து காட்டினான்.

"பெயிண்ட் சொட்டியிருக்கும்."

"சொட்டினா பொட்டுப் பொட்டா இருக்கும்க்கா. இது ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு."

"அப்ப நீதான் ஸ்கேல் வச்சுப் போட்டிருப்பே. வேலை இல்லாதவன் வேற என்ன பண்ணுவான்?" அவள் கடுகின் தாடையைத் தடவினாள். அது அவள் இடுப்புக்குக் கீழே நின்று கண்ணை மூடிச் சுகப்பட்டது. "இதோ பாரு. என் இடுப்புகூட வரலை. இதைப் போய் பன்னிரண்டு அடிங்கிறே."

"நீ பார்த்துக்கிட்டு இருக்கிறதாலதான்க்கா வரலை."

"சரி, பார்க்கிறதை நிறுத்திட்டு வேலையைப் பாரு. வியாழக்கிழமை பாப்பா ஸ்கூலுக்குப் போகுது ரெண்டும்."

பாப்பா அக்காவின் மகள். நாலு வயது. பார்த்த எதையும் முதலில் போய்க் கட்டிப்பிடிப்பாள், அது என்ன என்று பிறகுதான் கேட்பாள்.

"ஸ்கூல்ல எங்கே நிக்கும்? கிரவுண்ட்லயா?"

"கிளாஸ் உள்ளேயேதான். டீச்சர் சூப்பரா ஒரு ஐடியா வச்சிருக்காங்க. இருபத்தாறு குழந்தைங்களையும் சுத்தி உட்கார வச்சு, எல்லாரும் கண்ணை மூடிக்கணும். டீச்சரும் மூடிப்பாங்க. நானும் மூடிப்பேன்னு பாப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். பத்து எண்ணினதும் திறந்து பார்த்தா, நடுவுல குதிரை!"

நெட்டைக்கு அந்த வகுப்பறை தெரியும். பாப்பாவை விடப் போகும்போதெல்லாம் அவன் தலை வாசல் நிலையில் இடிக்கும். உள்ளே சின்ன நாற்காலிகள், சின்ன மேஜைகள், கை நீட்டினால் தொடுகிற கூரை. பத்து எண்ணும் நேரத்தில் அந்த அறைக்குள் குதிரைகள் எவ்வளவு நிமிரும் என்று நினைத்துப் பார்த்தான். அன்று இரவு அவன் இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை.

பழைய சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. புதியது இல்லாமல் பள்ளிக்கூடம் விடாது. ஆகவே புதன்கிழமை காலை அளவு சார் வந்தார். சங்கத்தில் அளவெடுப்பவர். வழுக்கை, குள்ளம், கையில் துணியுறை போட்ட ஐந்தடி மரக்கோல். அதில் மேலும் கீழும் வழுக்கி ஓடும் குறுக்குச் சட்டம், சட்டத்தின் மேல் ரசமட்டம். டீ கொடுத்தால் கிளாஸில் சரிபாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார். அவர் வீட்டில் உப்பு போடுவதற்கு முன் அனுமதி கேட்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

கடுகு முப்பத்து மூன்றே முக்கால். துளி முப்பத்து மூன்றே முக்கால். பேனாவைத் திறந்தார். அக்கா டீச்சரிடம் போனில் பேசப் போயிருந்தாள். இதைவிட்டால் வேறு சமயம் இல்லை.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு அளக்கிறீங்களா?"

அளவு சார் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தம்பி, இருபது வருஷமா இந்தச் சங்கத்துல எல்லாரும் என்னைக் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துத்தான் போடச் சொல்லியிருக்காங்க. அளக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"நாளைக்கு இதுங்க போற கிளாஸ்ல என் அக்கா பொண்ணு இருக்கா சார். இருபத்தாறு குழந்தைங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இருக்கப் போறாங்க. நீங்க ஒரு நிமிஷம் மூடினாப் போதும்."

குழந்தைகள் என்றதாலோ, அல்லது இருபது வருடத்தில் இதையும் ஒரு முறை செய்து பார்க்கலாம் என்றோ, அவர் தலையாட்டினார். நெட்டை கதவைச் சாத்தினான். அவர் கோலைக் கடுகின் பக்கத்தில் நிறுத்தி, குறுக்குச் சட்டத்தைப் பிடரி முடியும் இடத்தில் வைத்தார். இருவரும் கண்ணை மூடினார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. வைக்கோல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கோலில் சட்டம் வழுக்கும் சத்தம் கேட்டது. சர்ர்ர். நின்றது. மறுபடி சர்ர்ர்.

"தம்பி, நீங்க தூக்குறீங்களா?"

"நான் கையே வைக்கலை சார்."

"நானும் சட்டத்துலேருந்து கையை எடுத்துட்டேன்" என்றார் அளவு சார், ரொம்ப மெதுவாக.

சட்டம் அவசரப்படாமல் ஏறிக்கொண்டே போனது. இடுப்பருகே கேட்ட சத்தம் மார்பருகே கேட்டது, காதருகே கேட்டது. பிறகு கோலின் நுனியைத் தாண்டி விடுபட்டு, சத்தமே இல்லாமல் ஆயிற்று. தசைகள் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறிப்பது போல் எங்கோ நரம்புகள் சொடுக்கின. தகரக் கூரை உள்ளிருந்து தள்ளப்பட்டு 'டொம்' என்றது. மேலேயிருந்து ஒரு வெதுவெதுப்பான மூச்சு இறங்கி, அளவு சாரின் வழுக்கையில் பட்டு, பக்கத்தில் நின்ற நெட்டையின் முகத்திலும் பரவியது. வைக்கோல் வாசனை. அந்த ஒரு மூச்சு முடியவே நேரமாயிற்று.

பின்னாலிருந்து, நெட்டையின் கழுத்து தோளோடு சேரும் இடத்தில், கனமான ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒரு தாடை. அவன் பின்னால் நின்றது துளி.

அது அழுத்தியது. பலமாகவும் இல்லை, மெத்தனமாகவும் இல்லை. அந்த அழுத்தல் அவனுக்கு நன்றாகத் தெரியும், அவனே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிக்கொடுத்தது. அவன் முட்டி தானாக மடிந்தது. முதுகு குழிந்தது. கொஞ்சம் இறங்கினான். உடனே கனம் விலகியது. ஈரமான உதடு ஒன்று அவன் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு துண்டு கேரட்டை வைத்தது.

வாங்கிக்கொண்டதை அவன் தின்றான். இனிப்பாகத்தான் இருந்தது.

அளவு சார் கண்ணைத் திறந்தபோது இரண்டு குதிரைகளும் அவர் இடுப்புக்குக் கீழே நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. கோல் அவர் கையில் மொட்டையாக இருந்தது. இருவரும் மெல்லத் தலையைத் தூக்கினார்கள். பன்னிரண்டு அடி உயரத்தில், உத்தரத்தின் மேல், குறுக்குச் சட்டம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ரசமட்டத்தின் குமிழ் சரியாக நடுவில் நின்றது.

அவர் படிவத்தில் உயரம் என்ற இடத்தில் 'அளக்க இயலவில்லை' என்று எழுதினார்.

"அளக்க முடியலையா?" அக்கா போனைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள். "உங்க முட்டிக்கு மேல ரெண்டு சாண்! இதை அளக்க முடியலையா சார்?"

"முடியலைம்மா."

"உங்க சட்டம் மேல கிடக்கே, ஏணி எடுத்துட்டு வரச் சொல்லவா?"

"அது அங்கேயே இருக்கட்டும்மா" என்றார். முதுகைக் காட்டாமல், லாயத்தைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்து வாசலைக் கடந்தார். வண்டியில் ஏறும் வரை ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

பேப்பர் பேப்பர்தான். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் குதிரைகள் போகவில்லை. யாரோ இரண்டு முயல்களை அனுப்பினார்கள். குழந்தைகள் கண்ணை மூடிப் பத்து எண்ணித் திறந்தபோது முயல்கள் வைத்த இடத்தில் வைத்த அளவிலேயே இருந்தன. பாப்பா இரண்டையும் கட்டிப்பிடித்தாள். கையில் ஒரு கீறல் விழுந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா ஒரு வாரம் தம்பியோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஏனென்றால் லாயத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. விற்கவும் முடியாது, சான்றிதழ் கிடையாது. நெட்டைதான் போகிறான். பார்த்துக்கொண்டே இருக்கும்வரை இரண்டும் அடக்கமாக இருக்கின்றன. ஆனால் தண்ணீர் ரொப்பத் திரும்ப வேண்டும். வைக்கோல் பிரிக்கக் குனிய வேண்டும். மனிதனுக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தோளில் அந்தக் கனம் வந்து உட்கார்கிறது, ஒவ்வொரு தடவையும் கேரட்.

ஒரு மாதம் கழித்து ஒரு மாலை, பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தான்.

"ஏன்டா, இன்னிக்கு நிலையில தலை இடிக்கலையாமே? பாப்பா சொல்றா" என்றாள் அக்கா.

"இல்லக்கா. சரியாப் போயிட்டேன்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். அவன் கால்களை லேசாக அகட்டி நின்றிருந்தான்.

"என்னடா இது, குனிஞ்சே நிக்கிற? நிமிருடா."

நிமிரலாம் என்றுதான் அவனும் நினைத்தான். முட்டியை அசைத்துப் பார்த்தான். அது காத்துக்கொண்டிருந்தது. அதற்கு முடிக்கிற வார்த்தை வேண்டும். அவன் லாயத்தின் பக்கம் பார்த்தான். அங்கேயும் அதை யாரும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.