கிணற்றில் இருக்கும் உறுப்பினர்

1967 நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் வென்ற வழக்கறிஞர் இன்னாசிராஜ் டெல்லிக்குப் போனார். அவர் குரல் போகவில்லை. அது கம்பைநல்லூருக்கு அருகே ஒரு சிற்றூரின் வற்றிய கிணற்றில் தங்கிவிட்டது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிணறு வற்றினால், தண்ணீருக்குப் பொறுப்பேற்பவர் படியிறங்கி, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, மெதுவாக உள்ளே சொல் கொடுக்க வேண்டும். சொன்னதைச் செய்து முடிக்கும்வரை சொல் கிணற்றில் இருக்கும். ஓட்டுக் கேட்டு வந்த இன்னாசிராஜுக்கு அன்று இன்னும் ஏழு ஊர்கள் பாக்கி இருந்தன. கிணற்றுக்குச் சொந்தக்காரி தீர்த்தம்மாள் துண்டை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. ஜீப்பில் நின்றபடி, ஒலிபெருக்கியைக் கிணற்றுப் பக்கம் திருப்பச் சொல்லி, மைக்கில் பேசினார்: “பெண்ணையாற்றுத் தண்ணீர் இங்கே வரும்வரை நான் ஓயமாட்டேன்.” கூட்டம் கைதட்டியது. அடுத்த ஊரில் வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. தொண்டை கட்டிவிட்டது என்றார்கள். ஜீப் போன பிறகும் கிணறு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். டெல்லியில் அவர் எழுந்து நின்ற நாட்கள் உண்டு, பேசிய நாள் இல்லை. பெண்ணையாற்றுக் கால்வாய் பற்றி எழுத்தில் கேள்விகள் அனுப்பினார். பரிசீலனையில் இருப்பதாக ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஊரிலோ மக்கள் கிணற்றைச் சுற்றி நின்று சாலை, பள்ளிக்கூடம், பம்புசெட்டு எல்லாம் கேட்டார்கள். கிணறு கேட்டுக்கொண்டது; தண்ணீரைப் பற்றி மட்டும் பேசியது. அதன் ஓரத்தில் ஆடுகள் மேய்வதை விட்டன.

1971இல் மீண்டும் நின்றார். தொகுதி முழுக்கத் தோற்றார். அந்த ஊர்ச் சாவடியில் மட்டும் ஐந்து ஓட்டு தவிர எல்லாம் அவருக்கே. நன்றி சொல்ல மனைவி ரோசம்மாளோடு வந்து கைகூப்பினார். “நீங்க யாருங்க?” என்றார் டீக்கடைக்காரர் சர்தார். “எங்க எம்.பி. கெணத்துல இல்ல இருக்காரு.” எல்லாரும் சிரித்தார்கள். இன்னாசிராஜ் படியிறங்கி, துண்டால் வாயை மூடி, தன் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அது அவரிடம் திரும்பவில்லை. அதன்பின்னும் வீட்டில் சைகைதான். கல்யாணமான நாளிலிருந்து காபிக்குத் தன் பெயர் சொல்லி அழைத்த குரல் இன்னும் ஒருமுறையாவது அப்படி அழைக்கக் கேட்க ரோசம்மாள் ஆசைப்பட்டார்.

1976இல் இன்னாசிராஜ் இறந்தார். மண் போட்ட மறுவாரம் ரோசம்மாள் தனியே பஸ்ஸில் வந்தார். குரலை எடுத்துப் போய்க் கல்லறையில் சேர்க்க வேண்டும் என்றார்.

“கூப்பிட்டுப் பாருங்க, ஆத்தா,” என்றாள் தீர்த்தம்மாள். “தண்ணி இன்னும் வரலியே. வருமான்னு தெரியலிங்க.”

ரோசம்மாள் குனிந்தார். “ஏங்க, போலாம் வாங்க.”

கிணறு ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தியது. தெருவில் நாய்கள் படுத்துக்கொண்டன.

“ரோசம்மா,” என்றது கிணறு. “நீ வூட்டுக்குப் போ. தண்ணி வரட்டும்.” பிறகு பழையபடி தொடங்கியது.

ரோசம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார். அதன்பின் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, சர்தார் கடைக் காபியோடு கிணற்றருகே உட்கார்ந்திருப்பார். 1977இல் ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்புகளை ஊர்க்காரர்கள் எல்லையிலேயே நிறுத்தி, மைக்கை அணைக்கச் சொன்னார்கள். உறுப்பினர் பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். ஜீப்பில் வந்தவர்கள் அணைத்துவிட்டு மெதுவாகக் கடந்து போனார்கள்.