வழுக்காத தரை

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, "இப்ப கதவ ஒதைங்கண்ணா" என்றாள் ஜெயப்பிரியா. வில்லியனூரில் முப்பது வருடமாக வீட்டுத் தரகு பார்க்கிறேன். தண்ணீர் உப்பா என்று நாக்கில் விட்டுப் பார்த்தவர்கள் உண்டு. பூச்சு உதிர்கிறதா என்று சுவரை நகத்தால் சுரண்டியவர்கள் உண்டு. ஈசானிய மூலையில் கண்ணை மூடி நின்று குலதெய்வத்திடம் உத்தரவு கேட்டவர்கள்கூட உண்டு. கதவை உதைக்கச் சொன்னவர்கள் யாருமில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து முழங்காலால் லேசாக இடித்தேன். "அப்டி இல்லண்ணா. கோவத்துல ஒதைக்கிற மாதிரி ஒதைங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலால் ஓர் உதை விட்டேன். தாழ்ப்பாள் திருகாணிகளோடு பிடுங்கிக்கொண்டது. கதவு உள்சுவரில் போய் மோதியது. கதவு வந்து படாத மூலையாகப் பார்த்து அவள் ஒடுங்கி நின்றிருந்தாள். "இது வேணாண்ணா, வேற காட்டுங்க" என்றாள். கட்டியவருக்கு அந்தத் தாழ்ப்பாளுக்காக என்ன பதில் சொல்வது என்பதுதான் அப்போது என் கவலை.

பனித்திட்டுப் பெண் அவள். திருபுவனை தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் மணிமாறனும் அதே ஊர்தான், கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரை மீன் வண்டி ஓட்டுகிறான். சம்பளச் சீட்டு அவளிடம்தான் இருந்தது. அதனால் பேங்க் கடனும் பத்திரமும் அவள் பேரில் என்று பேச்சு. வீட்டை முடிவு செய்வது மட்டும் அவன். "அவ சுத்திப் பாத்துட்டு வரட்டுண்ணா. ஞாயித்துக்கிழம நான் வந்து முடிவு பண்றேன்" என்று போனில் சொன்னான். மரியாதையான குரல். இந்தக் காலத்தில் பொண்டாட்டியைத் தனியாக வீடு பார்க்க அனுப்புகிறானே, நல்ல பையன்தான் என்று என் மனைவி கஸ்தூரியிடம்கூடச் சொன்னேன்.

இரண்டாவது வீட்டில் அவள் ஒவ்வொரு ஜன்னல் கம்பியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பின்வாசல் இருக்கிறதா, அது உள்ளேயிருந்து திறக்குமா, வெளியே போனால் எந்தத் தெருவில் ஏறலாம் என்று கேட்டாள். போர்வெல் எத்தனை அடி என்று கேட்கவேயில்லை. மூன்றாவது வீட்டில், "நீங்க ரோட்டுல போய் நில்லுங்கண்ணா. நான் உள்ளேர்ந்து கத்தறேன், கேக்குதான்னு சொல்லுங்க" என்றாள். போய் நின்றேன். ஒரு டிராக்டர் போயிற்று. வேலியில் இரண்டு மைனாக்கள் சண்டை போட்டன. வெளியே வந்தவளுக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து முகம் சிவந்திருந்தது. "எதுவும் கேக்கலமா. ஒம்போது இஞ்சு செவுரு, கட்டடம் அப்டி" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்த வீடும் வேண்டாம் என்றாள். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் புரியாதவன் மாதிரி இருப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி என்பதால், அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினேன்.

திருபுவனை பேட்டைக்குப் பின்னால் ஒரே வரிசையில் ஆறு வீடுகள். வேலைக்குப் போகிறவர்களை நம்பி ஒருவர் கட்டியது. ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலரை இஞ்சு சுவர் ஒன்றுதான். கடைசி வீடு இரண்டு வருடமாக விலை போகவில்லை. வந்து பார்க்கிறவர்கள் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டைக் காட்டவே எனக்கு வெட்கம். பேட்டை கேண்டீனில் சமைக்கிற கலியம்மாள் அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயது, குரல் மட்டும் பத்துப் பேருக்குப் போதும். ஜெயப்பிரியா அவளிடம், "சத்தம் கேக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"கேக்குமாவா. நீ தும்மினா நான் இங்கேர்ந்து நூறு சொல்லுவேன்."

கலியம்மாள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஜெயப்பிரியாவின் முழங்கைக்கு மேலே இருந்த பழைய மஞ்சள் கன்றலைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எது கேட்டாலும் நாங்க வந்துடுவோம். எதுவா இருந்தாலும்" என்றாள். ஜெயப்பிரியா அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இதாண்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மணிமாறன் வந்தான். வரிசை வீட்டை வண்டியை விட்டு இறங்காமலே பார்த்தான். "இன்னாண்ணா இது, தீப்பெட்டிய அடுக்கி வச்சாப்ல. அவனவன் மூஞ்சில முழிச்சிகினு. தனி வூடா காட்டு" என்றான். என்னிடம் ஒரு தனி வீடு இருந்தது. குருவிநத்தம் போகிற வழியில், நாலு பக்கமும் கரும்புக்கு நடுவே, வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் கட்டிப்போட்டது. ஆள் உயரத்துக்கு மேல் மதில், இரும்பு கேட், தேக்குக் கதவு. என்ன விலைக்காவது தள்ளினால் போதும் என்று சொல்லியிருந்தார். ஜெயப்பிரியா எதற்குப் பயப்படுகிறாள் என்று தெரிந்தேதான் அங்கே அழைத்துக்கொண்டு போனேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

அவனுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. நானும் என் பங்குக்கு அளந்துவிட்டேன். தரையைச் செருப்புக் காலால் தேய்த்துக் காட்டி, "சொரசொரப்பு டைல்ஸ் தம்பி. எண்ணெய ஊத்தினாலும் வழுக்காது" என்றேன். ஜெயப்பிரியா, "எனக்கு இது வேணாங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தரம் சொன்னாள். "நீ போய் மோட்டார் ரூமப் பாருண்ணா, நாங்க பேசிட்டு வரோம்" என்று அவன் தேக்குக் கதவைச் சாத்தினான்.

மோட்டாரைப் பார்த்தேன். கரும்பைப் பார்த்தேன். ஒரு பீடி பிடித்தேன். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. சுவர் அப்படிப்பட்ட சுவர். கால் மணி நேரம் ஆனதும் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சமையல் மேடைக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். இடது கை திரும்பக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. வாயிலிருந்து ரத்தம் தாடையில் இறங்கி ரவிக்கையை நனைத்திருந்தது. மேடையின் கிரானைட் முனையிலும் ரத்தம், அதில் இரண்டு மூன்று முடி ஒட்டியிருந்தது. அவன் அவளுடைய முடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் அவசரப்படவில்லை. சுற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்தான்.

"வழுக்கி வுழுந்துட்டாண்ணா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெட்டிருந்தால் என்னோடு போயிருக்கும், அது இன்னொருத்தியைக் கெடுத்தது. வாங்குகிறவர் எதைச் சொன்னாலும் ஆமாம் போட்டுப் பழகிய வாய், யோசிக்கவே இல்லை. "புது டைல்ஸ் இல்லயா, வழுக்கத்தான் செய்யும்" என்றேன். ஜெயப்பிரியா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அழவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதைச் சரியாகக் கேட்டுக்கொள்கிறவள் மாதிரி பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கொண்டு போனோம். எப்படி அடிபட்டது என்று கேட்ட நர்ஸிடம், "வூடு பாக்கப் போன எடத்துல வழுக்கிடுச்சு மேடம். தோ, புரோக்கர் அண்ணன் கூடவே இருந்தாரு" என்றான். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "நம்ம பொண்ணு சரண்யா கைக்கொழந்தையா இருக்கசொல்ல நீ என் மண்டைய ஒடச்சியே, நாலு தையல் போட்டாங்களே, ஞாபகம் இருக்குதா? ஆட்டுக்கல்லுல வழுக்கிட்டேன்னு நான்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன். என் பொய்ய நான் சொன்னேன். அந்தப் பொண்ணு பொய்ய நீ எதுக்கு சொன்ன?" என்றாள். கீரைக் காம்புகளை முறத்தில் தள்ளிக்கொண்டு எழுந்து போனாள். நான் கை ஓங்குவதை நிறுத்தி இருபது வருடமாயிற்று. அது பெரிய காரியம் என்று அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அந்தக் கரும்புக்காட்டு வீட்டுக்கு ஒப்பந்தம். பத்திரம் எழுதுகிற ஆதிமூலத்தின் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஜெயப்பிரியா மாவுக்கட்டுப் போட்ட இடது கையைத் துப்பட்டாவில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு இன்னும் வீங்கித்தான் இருந்தது. நான் பக்கத்தில் போனதும் மெதுவாக, "நீங்க சொன்னததாண்ணா ஆஸ்பத்திரில எழுதி வச்சிருக்காங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆதிமூலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நான்கெல்லை, மதில், கேட்டு என்று வாசித்து முடித்துப் பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் போட மாட்டேன்" என்றாள்.

மணிமாறன் கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். "வுழுந்ததுலேர்ந்து அந்த வூடுன்னா இவளுக்கு பயம். அண்ணன் நேர்ல பாத்தாரு, அவரையே கேளுங்க." எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பயந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவன் தெம்பில் பாதிகூட என் உடம்பில் கிடையாது.

"தரை வழுக்கலப்பா. எண்ணெ ஊத்தினாலும் வழுக்காதுன்னு சொன்னவனே நான்தான். நீதான்டா அடிச்ச. முடியக் கையில சுத்திகினு நின்னத என் கண்ணால பாத்தேன். அன்னிக்கி நான் சொன்னது பொய்யி" என்றேன்.

சொல்லி முடித்தேனோ இல்லையோ, மேஜையில் காகிதத்தின் மேல் வைத்திருந்த கல்லை எடுத்து என் வாயில் குத்தினான். உள்ளே பல் நொறுங்கும் சத்தம் என் காதுக்கே கேட்டது. பெஞ்சோடு சாய்ந்தேன். விலாவில் ஓர் உதை, கழுத்தில் ஓர் உதை. ஆதிமூலம் "யோவ், யோவ்" என்றபடி மேஜைக்குப் பின்னால் போய்விட்டார். மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கியவன் அப்படியே முன்னால் விழுந்தான். ஜெயப்பிரியா பின்னால் நின்று மாவுக்கட்டுக் கையைத் தூக்கி அவன் பிடரியில் இறக்கியிருந்தாள். அவன் எழப் பார்த்தான், மறுபடி இறக்கினாள். கட்டு வெடித்து மாவு உதிர்ந்தது. அவளுக்கு அந்தக் கை எப்படி வலித்திருக்கும். மூன்றாவது தரமும் அடித்தாள். வாயைத் திறந்து ஒரு சத்தம் போடவில்லை. ஆட்கள் வந்து பிடித்தபோது இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், இரண்டு பேரும் அவளைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அதே ஆஸ்பத்திரி, அதே நர்ஸ். நான் பஞ்சை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டு எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு, "அடிச்சதுல" என்றாள் ஜெயப்பிரியா. யார் அடித்தது என்று நர்ஸ் கேட்டாள்.

"மொத தடவ கைய ஒடச்சது அவரு. இந்த தடவ ஒடச்சது நானு. ரெண்டையும் எழுதுங்க."

போலீசில் ஜெயப்பிரியாவின் மனுவை வாங்கிக்கொண்டு, இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடமாக விற்காத வீட்டுக்கு ஆள் வந்த சந்தோஷத்தில் வரிசை வீட்டுக்காரர் பதிவுக்கு முன்னாலேயே சாவியைக் கொடுத்துவிட்டார். ஒரு பாய், இரண்டு பாத்திரம், துணி மூட்டையோடு அவள் குடி வந்தாள். பால் காய்ச்ச அடுப்பு கலியம்மாள் வீட்டிலிருந்து வந்தது.

பத்து நாள் கழித்து, கரண்டு மீட்டர் பேர் மாற்றுகிற தாளில் கையெழுத்து வாங்குவதற்காக அங்கே போயிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி, பேட்டையில் ஷிப்ட் விட்ட நேரம். நான் கலியம்மாள் வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்பல் இல்லாத வாயால் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மீன் வண்டி திரும்பியது. நேராக வந்து வரிசைக்கு எதிரே நின்றது. மணிமாறன் என்ஜினை நிறுத்தாமல் இறங்கினான். பிடரியில் கட்டு இருந்தது. ஐஸ் பாளம் உடைக்கிற இரும்புக் கம்பி கையில் இருந்தது.

"வெளிய வாடி" என்றான். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

கலியம்மாள் எழுந்தாள். முதல் வீட்டுக் கதவு திறந்தது, பிறகு அதற்கடுத்தது. ஒருத்தி ஈரத் தலையோடு வந்தாள், ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், யூனிபார்மைக்கூட மாற்றாத ஒருவன் கையில் சோற்றோடு வந்தான். கடைசி வீட்டிலிருந்து ஜெயப்பிரியா வந்து படியில் நின்றாள். புது மாவுக்கட்டு வெள்ளையாக இருந்தது. மணிமாறன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான், என்னையும் பார்த்தான். கம்பியைக் கை மாற்றிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தான். கலியம்மாள் இரண்டு அடி வைத்தாள். நானும் எழுந்து நின்றிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வண்டியின் பின்கதவிலிருந்து ஐஸ் உருகிய தண்ணீர் மீன் ரத்தம் கலந்து சொட்டி, சிமெண்டுத் தெருவில் கோடாக இறங்கி, அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு எங்கள் கால்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒருவரும் காலை நகர்த்தவில்லை.