பெருசா இருந்தா பிடிச்சுக்கலாம்

என் வாயிலேருந்து வந்த வார்த்தையை வச்சே என்னை மடக்குன மனுஷன் எங்க வீட்டுக்காரரு. தையல் மெஷின்ல உக்காந்த நாள்லேருந்து நான் எல்லாருக்கும் சொல்ற பேச்சு ஒண்ணு உண்டு: "பெருசா தைச்சுட்டா பிடிச்சுக்கலாம், சின்னதா தைச்சுட்டா தலைகீழா நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது." வளர்ற பிள்ளைக்குச் சட்டை தைக்க வர்ற அம்மாக்களுக்குச் சொல்றது அது. அதைப் போய் டிராக்டர் கடையில எடுத்து விட்டாரு இந்த மனுஷன். டிராக்டரை எங்கங்க பிடிக்கிறது? அக்குள்லயா?

முதல்லேருந்து சொல்றேன். இவரு பஸ் டிரைவர். ஆயுசுல பாதி ஹாரன் சத்தத்துலயே போச்சு, இனிமேலாவது காதுக்கு நிம்மதி வேணும்னு, ஓய்வு பெற்றதும் ஊருக்கு வெளியில ஒரு வீடு வாங்கினோம். வீடு சின்னதுதான். ஆனா சுத்தி மூணு ஏக்கர். ரோட்டுலேருந்து வாசல் வரைக்கும் கல் கொட்டின பாதை, பாதைக்கு ரெண்டு பக்கமும் எலுமிச்சை மரம், வீட்டுக்குப் பின்னால சரிவு, சரிவு முடியுற இடத்துல தண்ணித் தொட்டி. முன் ரூம்ல ஜன்னலோரமா என் மெஷினைப் போட்டேன். உக்காந்து மிதிச்சா எலுமிச்சைப் பூ வாசனை வரும். அப்பா வீட்டுலயும் எனக்குன்னு ஒரு மூலை கிடையாது, வாடகை வீட்டுலயும் கிடையாது. கட்டையில போற வரைக்கும் இந்த ஜன்னலை விட்டு நகரக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா நம்ம முடிவெல்லாம் புல்லுக்குத் தெரியுமா? மழை பெஞ்சா முழங்கால் உசரம் வந்துடும். கையால தள்ளுற மெஷினை வச்சு வெட்டிப் பார்த்தோம். இந்தக் கோடியை வெட்டி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கோடி வளர்ந்து நின்னு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பாதையில கொட்டின கல்லு வேற ஒவ்வொரு மழைக்கும் அரிச்சுக்கிட்டுப் போகும். சரி, ஒரு டிராக்டர் வாங்கினாத்தான் வீடு நம்ம கையில நிக்கும்னு ஆச்சு.

இவரு சும்மா போய் வாங்குற ஆளும் இல்ல. என் இஞ்ச் டேப்பைத் தூக்கிக்கிட்டு கேட்டை அளந்தாரு, கொட்டகையை அளந்தாரு, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல அளந்தாரு. சரிவுல படுத்து எழுந்து என்னமோ கணக்குப் போட்டாரு. அளக்காதது என்னை ஒருத்தியைத்தான். அது எனக்கும் அன்னிக்குத் தோணல.

கடையில ரெண்டு வண்டி பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சு. ஒண்ணு இருபத்தஞ்சு குதிரை சக்தி, இன்னொண்ணு அதைவிட ரெண்டு மடங்கு. கடையில விற்பனை பார்க்குற, டை கட்டுன தம்பியைக் குறை சொல்லக் கூடாது. "மூணு ஏக்கர்தானே சார், மரத்துக்கு நடுவுல வேற ஓட்டணும். சின்னதே தாராளம்"னு பளிச்சுன்னு சொன்னான்.

இவரு சின்ன வண்டியை மேலயும் கீழயும் பார்த்தாரு. "தம்பி, நான் பஸ் நிறைய ஆளை ஏத்திக்கிட்டு மலையில ஓட்டினவன். இதுல உக்காந்தா மூணு சக்கர சைக்கிள் ஓட்டுற குழந்தை மாதிரி இருப்பேன்." அதுக்கப்புறம்தான் அந்தத் திருவாய் மலர்ந்துச்சு. "எங்க வீட்டுலயே சொல்லுவாங்க, பெருசா இருந்தா பிடிச்சுக்கலாம்னு." அந்தத் தம்பி என்னைப் பார்த்து மரியாதையா தலையாட்டினான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ரெண்டு பேரும் பெரிய வண்டியோட மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு இஞ்சினைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. ஆம்பளைங்க இஞ்சினைத் திறந்தா சீக்கிரம் மூடுவாங்களா? நின்னு நின்னு எனக்குக் கால் வலி. பக்கத்துல இருந்த சின்ன வண்டியில ஏறி உக்காந்தேன். சத்தியமா உக்காரத்தான் ஏறினேன். உக்காந்ததும் ரெண்டு காலும் தானாப் போய் பெடல்ல நின்னுச்சு. இடது காலால கிளட்ச்சை அமுக்கினேன், என் தையல் மெஷின் மாதிரி மெத்துன்னு இறங்குச்சு. ஸ்டியரிங்கைப் பிடிச்சேன், கை வலிக்காம எட்டுச்சு. எனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு அந்த வண்டி. என்னையறியாம சிரிச்சேன். இவரு மூடியைச் சாத்துற சத்தம் கேட்டதும் சட்டுன்னு இறங்கிட்டேன்.

பெரிய வண்டி வீட்டுக்கு வந்துச்சு. யானையைக் கட்டித் தீனி போடுற கதைன்னு சொல்லுவாங்களே, அதை நான் அனுபவிச்சேன். கேட்டுக்குள்ள நுழைஞ்ச அன்னிக்கே தூண்ல ஒரு இடி. தூணை இடிச்சுத் தள்ளிக் கட்டினோம். கொட்டகைக் கூரை தட்டுச்சு, உசத்தினோம். செப்டிக் டேங்க் மேல ஒரு சக்கரம் ஏறி மூடி ரெண்டாப் பொளந்துச்சு. அந்த வாரம் பூரா வீட்டுல எலுமிச்சைப் பூ வாசனையைத் தவிர எல்லா வாசனையும் வந்துச்சு. கடைசியில மரத்துக்கு நடுவுல வண்டி திரும்ப மாட்டேங்குதுன்னு, பாதையோட ஒரு பக்க மரம் முழுக்க வெட்டினாரு.

"செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"ன்னு கத்தினேன்.

"ஏய் பாபின், எலுமிச்சம்பழம் கடையில கிடைக்கும்"ன்னாரு. பாபின்னா நான்தான். தையல் மெஷின்ல நூல் சுத்தி வைக்கிற பாபின் மாதிரி குட்டையா, உருண்டையா, எப்பவும் சுத்திக்கிட்டே இருப்பேன்னு கல்யாணமான புதுசுல வச்ச பேரு.

"கடையில வாசனை கிடைக்குமா?"ன்னேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், பொய் சொன்னா என் நாக்கு அழுகிடும். அந்த வண்டியில அவரு ராஜா மாதிரி இருந்தாரு. புல் வெட்டிக்கிட்டே என் ஜன்னலைத் தாண்டும்போது ஒரு தடவை ஹாரன் அடிச்சுட்டுப் போவாரு. நான் தலை நிமிராம, "போதும் போதும், பஸ் ஸ்டாண்டு இது இல்ல"ம்பேன். அந்தச் சத்தத்துக்காகத்தான் அந்த நேரத்துல மெஷின்ல போய் உக்காருவேன்.

அப்புறம் ஒருநாள் காலையில முகம் மழிச்சுக்கிட்டு இருந்தவரு கையிலேருந்து கத்தி விழுந்துச்சு. பக்கவாதம். உயிர் தப்பிச்சது கடவுள் புண்ணியம். வாய் கொஞ்சம் கோணலாகி, பேச்சு திரும்பிடுச்சு. ஆனா இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேக்கல. கிளட்ச் மிதிக்கிற கால் அது.

"இந்த வண்டியை வித்துட்டுச் சின்னதா ஒண்ணு வாங்குவோம்"னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "கால் சரியாகட்டும், நானே ஓட்டுறேன்"ம்பாரு. ஒவ்வொரு தடவையும் அதே பதில். வண்டியை வித்தா கால் வராதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அது எனக்குப் புரிஞ்சுது. அவரு மூஞ்சியைப் பார்த்தா வற்புறுத்த மனசு வரல. ஆனா வாயும் சும்மா இருக்குமா? "அன்னிக்கே சின்னதை வாங்கியிருந்தா"ன்னு காபி கொடுக்கும்போது ஒரு தடவை, மாத்திரை கொடுக்கும்போது ஒரு தடவை சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். மாத்திரையோட சேர்த்து அதையும் அவரு முழுங்குவாரு.

கூலிக்கு ஆள் கூப்பிட்டா, வர்றேன்னு சொன்னவன் வரல. வந்தவன் ரெண்டு நாள் வெட்டிட்டு மூணாம் நாள் போனை எடுக்கல. புல் ஜன்னல் வரைக்கும் வந்துச்சு. வாசப்படியில பாம்புச் சட்டை கிடந்துச்சு. அதைப் போய் இவரு வாய் தவறிப் பையன்கிட்ட போன்ல சொல்லிட்டாரு. அவன் டவுன்ல அடுக்குமாடி வீட்டுல இருக்கான். "அம்மா, பிடிவாதம் பிடிக்காத. உன்னால பார்த்துக்க முடியும்னா இரு. முடியலைன்னா வித்துட்டு இங்க வந்துடுங்க"ன்னான். அவன் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு.

"நான் ஓட்டுறேன்டா"ன்னேன். வாய்தான் முதல்ல சொல்லுச்சு, மனசு பின்னால வந்துச்சு.

இவரு வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்து சொல்லிக் கொடுத்தாரு. பஸ் ஓட்டின வாத்தியாராச்சே, நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாரு. சிக்கல் என் உசரத்துல இருந்துச்சு. சீட்டுல சாஞ்சு உக்காந்தா கால் கிளட்ச்சுக்கு எட்டாது. முன்னால நகர்ந்து எட்டி மிதிச்சா இஞ்சின் நின்னுடும். சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு. ஓட்டுற ஆள் தவறி விழுந்தா புல் வெட்டுற பிளேடு மேல ஏறிடக் கூடாதுன்னு, சீட்டுல பாரம் குறைஞ்சதும் எல்லாத்தையும் நிறுத்திடும். நல்லதுக்கு வச்ச சுவிட்ச்தான். ஆனா அதுக்கு நான் ஓட்டுறவளாவே தெரியல, விழுந்தவளாத்தான் தெரிஞ்சேன்.

சும்மா விடுவேனா? முதுகுக்குத் தடியா ஒரு மெத்தை தைச்சேன். பழைய கோட்டுத் துணி, உள்ள பஞ்சு, நாலு மூலையிலயும் கட்டுக் கயிறு. சமதரையில அது போதுமா இருந்துச்சு. முன்பக்கம் பூரா வெட்டிட்டேன். இவரு ஒத்தைக் கையால தொடையில தட்டித் தட்டிக் கை தட்டினாரு. அன்னிக்கு ராத்திரி ரொம்ப நாளைக்கப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசினோம். வீடு நம்ம கையை விட்டுப் போகாதுன்னு நம்பினேன்.

மறுநாள் பின்பக்கச் சரிவு. ஏறும்போது வண்டி திணறுச்சு. கிளட்ச்சை முழுசா மிதிக்க இடுப்பை முன்னால தள்ளினேன். இஞ்சின் படக்குன்னு நின்னுச்சு. கிளட்ச் அமுங்கியிருக்கு, பிரேக்குக்கு என் வலது கால் எட்டல, வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுது. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, "ஐயோ, என்னங்க!"ன்னு கத்தினேன்.

பின்வாசல்ல நாற்காலியில இருந்த இவரு எழுந்துட்டாரு. கால் வராதுங்குறதை மறந்துட்டாரு. ஓடி வர்றதுக்கு எழுந்தவரு ரெண்டாவது அடியிலயே முகம் குப்புற விழுந்தாரு. வண்டி தண்ணித் தொட்டியில முட்டி நின்னுச்சு. எனக்கு ஒரு கீறல் இல்ல. ஓடிப் போய்ப் பார்த்தா இவரு நெத்தி பொளந்து மண்ணெல்லாம் ரத்தம். அந்த நிலைமையிலயும், "உனக்கு அடி பட்டுச்சா? அடி பட்டுச்சா?"ன்னு அதையேதான் கேட்டாரு.

பையன் வந்தான். என்னைத் திட்டல. தொட்டியில விழுந்த விரிசலைப் பார்த்தான், அப்பா நெத்தியில போட்ட தையலைப் பார்த்தான். "போதும்மா"ன்னான். வீட்டை விக்க நானும் தலையாட்டினேன்.

வண்டியைச் செங்கல் சூளைக்காரரு வாங்கிட்டுப் போனாரு. அவரு வேலைக்கு அது கச்சிதம். வீட்டை ஒரு இளம் ஜோடி வாங்கிச்சு. நாங்க கிளம்புற அன்னிக்குக் காலையில அவங்க சாமான் வந்துச்சு. அதோட இன்னொரு லாரி வந்து பலகையைச் சாய்ச்சு, ஒரு டிராக்டரை இறக்குச்சு. அதே சின்ன வண்டி, அதே கலரு. ஓட்டி இறக்குனது அந்தப் பொண்ணு. என் உசரம்தான் இருப்பா.

என் தையல் மெஷினைப் பையன் காருக்குப் பின்னால கட்டிக்கிட்டு இருந்தான். இவரு முன் சீட்டுல உக்காந்து, கண்ணாடி வழியா அந்தப் பொண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"அது உனக்கு எட்டியிருக்கும், இல்ல?"ன்னாரு.

சொல்லிக் காட்ட இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஒரு வருஷமா நான் பேசாத பேச்சில்ல, ஆனா அந்தச் சீட்டுல நான் உக்காந்து பார்த்ததை மட்டும் சொன்னதே இல்ல. நெத்தியில அந்தத் தழும்போட அவரு என்னைப் பார்த்த பார்வையில எனக்கு நாக்கு எழல.

"எங்க... நான் இருக்குற உசரத்துக்கு அதுவும் எட்டியிருக்காதுங்க"ன்னேன்.

பாதி வாயால சிரிச்சாரு. "பொய் சொல்லாத பாபின். அன்னிக்குக் கடைக் கண்ணாடியில பார்த்தேன். நீ ஏறி உக்காந்ததையும் பார்த்தேன், கிளட்ச்சை அமுக்கிட்டுச் சிரிச்சதையும் பார்த்தேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தப்புறமும் அதை வேண்டாம்னுதான் இருந்தேன். உனக்குச் சரியா இருக்குற வண்டியை நான் ஓட்டினா நாலு பேரு சிரிப்பாங்களேன்னு நினைச்சேன்." அவரு கண்ணு நிறைஞ்சு போச்சு. "உன் ஜன்னலை நான்தான் பறிச்சுட்டேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. "இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"ன்னேன்.

"எட்டுதுன்னு நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

குனிஞ்சு அவருக்கு பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். பின்னால போய் உக்காந்தேன். பையன் காரை எடுத்தான். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பொண்ணு மிச்சமிருந்த எலுமிச்சை மரங்களுக்கு நடுவுல வண்டியை நுழைச்சுத் திருப்பிக்கிட்டு இருந்தா. ஒரு கிளைகூட ஆடல.